டிரம் டைமர் பலகைக்கு உரிமச் சோதனை: லிங்கர் மேப்பிலிருந்து அறிவிப்புத் தாள் வரை

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத் தோல் தொழிற்சாலைகளில் சுண்ணாம்பு டிரம்மை ஓட்டும் டைமர் பெட்டி பார்வைக்குச் சாதாரணமான பொருள். 5 நிமிடம் ஓட்ட வேண்டும், 55 நிமிடம் நிறுத்த வேண்டும், திசை மாற்ற வேண்டும், கரன்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். உள்ளே ஒரு மைக்ரோகன்ட்ரோலர், இரண்டு ரிலே, ஒரு வெப்பநிலை சென்சார், கருவிகள் தகவல் பரிமாறும் ஆர்எஸ்-485 கம்பி இணைப்பு. இதை வாங்குகிற ஏற்றுமதி நிறுவனம் ஒன்று "உள்ளே இருக்கும் திறமூல மென்பொருள் எவை, எந்த உரிமத்தில், எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால் பட்டறைகளில் பொதுவாக இரண்டு பதில்கள் வரும். "ஜிசிசி ஜிபிஎல் ஆச்சே, நம்ம புரோகிராமையும் கொடுத்தாகணும்" என்பது ஒன்று. (ஜிசிசி என்பது நிரலை இயந்திரக் கோடாக மாற்றும் கம்பைலர்; ஜிபிஎல் என்பது அதோடு சேர்ந்த நிரலின் சோர்ஸையும் கொடுக்கச் சொல்லும் உரிமம்.) "அது கம்பைலர்தானே, நம்ம பெட்டிக்குள்ள அது இல்லையே" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு.

கம்பைலர் பெட்டிக்குள் போவதில்லை. ஆனால் கம்பைலரோடு வரும் ரன்டைம் லைப்ரரியின், அதாவது நிரல் ஓடும்போது தேவைப்படும் ஆயத்த ஃபங்ஷன்களின், துண்டுகள் போகின்றன. எந்தத் துண்டுகள் போயின என்பதை, துண்டுகளை ஒன்றாகக் கோத்துக் கடைசிப் பைனரியாக்கும் லிங்கர் எழுதும் மேப் கோப்பு மட்டுமே சரியாகச் சொல்லும். அந்தக் கோப்பை வைத்து மூன்று பொருள்களைச் சோதித்த பதிவு இது: ஏடிமெகா328பி வைத்த பழைய ஆர்டுயினோ பெட்டி, எஸ்டிஎம்32 எஃப்103 வைத்த புதிய பலகை, எட்டு டிரம்களின் கணக்கைத் திரட்டி அனுப்பும் லினக்ஸ் கேட்வே.

புதிய பலகையிலிருந்து தொடக்கம்

எஃப்103சி8 சிப்பில் 64 கேபி ஃபிளாஷ், 20 கேபி ரேம். கார்டெக்ஸ்-எம்3 கோர். 32 பிட் முழு எண் வகுத்தல் ஹார்டுவேரிலேயே உண்டு, தசம எண் கணக்குக்கு ஹார்டுவேர் கிடையாது. பின்னால் மேப்பில் என்ன வரும் என்பதை இந்த ஒரு விஷயமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

முதலில் பில்ட் ஃபோல்டரை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாகக் கம்பைல் செய்ய வேண்டும். பழைய ஆப்ஜெக்ட் கோப்பு (கம்பைல் ஆகி லிங்க் ஆகாத துண்டு) ஒன்று மிச்சமிருந்தாலும் கணக்கு தப்பும். கம்பைலரின் பதிப்பு எண்ணை ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். லிங்கருக்கு மேப் கோப்பு எழுதும் ஆப்ஷனும், எந்தச் சிம்பலை (ஃபங்ஷன் அல்லது மாறியின் பெயர்) எந்தக் கோப்பு கூப்பிட்டது என்று காட்டும் கிராஸ் ரெஃபரன்ஸ் ஆப்ஷனும் கொடுக்க வேண்டும். சோதனை பில்டில் எல்டிஓவை, அதாவது லிங்க் செய்யும்போது எல்லாக் கோப்புகளையும் சேர்த்து ஆப்டிமைஸ் செய்யும் வசதியை, நிறுத்திவிடுவது நல்லது. அது இயங்கினால் நம் சொந்தக் கோப்புகளெல்லாம் தற்காலிகப் பெயருள்ள ஒரே உருண்டையாக மேப்பில் தெரியும், எது எதைக் கூப்பிட்டது என்று பிரித்துப் பார்க்க வராது.

மேப் கோப்பின் தொடக்கத்தில் ஒரு நீளமான பட்டியல் இருக்கும்: எந்த ஆர்க்கைவிலிருந்து (ஆப்ஜெக்ட் கோப்புகளின் கட்டு) எந்த உறுப்பு, யார் கூப்பிட்டதால் உள்ளே வந்தது என்று. பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இது போதாது. பயன்படாத பகுதிகளை நீக்கும் ஜிசி-செக்‌ஷன்ஸ் ஆப்ஷன் இயங்கினால், அந்தப் பட்டியலில் உள்ள சில உறுப்புகள் பிறகு முழுக்கக் கழிக்கப்பட்டிருக்கும். அடுத்து வரும் "கழித்த பகுதிகள்" என்ற பிரிவையும், கடைசியில் வரும் மெமரி மேப்பையும் சேர்த்துப் பார்த்து, அளவு பூச்சியத்துக்கு மேல் உள்ள உறுப்புகளை மட்டும் எடுக்க வேண்டும். ஃபிளாஷில் உண்மையில் உட்காரும் பைட்டுகளுக்குத்தான் உரிமக் கேள்வி எழுகிறது.

இந்தப் பலகையில் அப்படி எஞ்சியவை நான்கு வகை. ஜிசிசியின் ரன்டைம் லைப்ரரியான லிப்ஜிசிசியிலிருந்து தசம எண் கூட்டல்-கழித்தல், பெருக்கல்-வகுத்தல், ஒப்பீடு, தசமத்திலிருந்து முழு எண்ணுக்கு மாற்றம், 64 பிட் வகுத்தல். சின்னச் சிப்களுக்கான சி லைப்ரரியான நியூலிப்-நேனோவிலிருந்து எண்ணை எழுத்தாக வெளியிடும் பிரின்ட்எஃப் குடும்பம், மெம்கப்பி, மெமரி ஒதுக்கும் மாலோக், எழுத்தைத் தசம எண்ணாக்கும் ஏடோஎஃப். சிப்பின் பாகங்களை இயக்கச் சிப் நிறுவனம் தரும் ஹெச்ஏஎல் கோட். கடைசியாக ஸ்டார்ட்அப் கோப்புகள்.

லிப்ஜிசிசி: விதிவிலக்கு எதைத் தருகிறது, எதைத் தரவில்லை

64 பிட் வகுத்தல் எங்கிருந்து வந்தது என்று கிராஸ் ரெஃபரன்ஸில் தேடினால், ஓடிய மொத்த நேரத்தை மில்லிசெகண்டில் 64 பிட்டில் வைத்து 1000ஆல் வகுத்த ஒரே வரி. யாரும் லைப்ரரி எதையும் சேர்க்கவில்லை. கம்பைலரே சேர்த்தது. "நாங்க எதுவும் இன்க்ளூட் பண்ணலியே" என்ற வாதம் இந்த இடத்தில் நிற்காது.

அந்த லிப்ஜிசிசி கோட் ஜிபிஎல் 3இல் உள்ளது. அதோடு 2009 மார்ச் 31 தேதியிட்ட ஜிசிசி ரன்டைம் லைப்ரரி விதிவிலக்கு, பதிப்பு 3.1, சேர்ந்து வருகிறது. ஜிசிசி 4.4 முதல் இதுதான் நடைமுறை. ஆப்ஜெக்ட் கோப்பைப் பார்த்து இதை உறுதி செய்ய முடியாது, உரிமம் அதில் எழுதியிருக்காது. அதே பதிப்பின் சோர்ஸை இறக்கி, மேப்பில் வந்த உறுப்புக்கு உரிய கோப்பைத் திறந்து, தலைப்புக் குறிப்பில் ஜிபிஎல் 3இன் 7ஆம் பிரிவின்படி கூடுதல் அனுமதி தருவதாக வாசகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வாசகம் உள்ள கோப்புக்குத்தான் விதிவிலக்கு பொருந்தும். ஜிசிசி சோர்ஸ் மரத்துக்குள் இருப்பதால் மட்டும் ஒரு கோப்புக்கு விலக்கு கிடைத்துவிடாது. லிப்குவாட்மேத் என்ற கணித லைப்ரரி அதே மரத்தில்தான் இருக்கிறது, ஆனால் அது எல்ஜிபிஎல் (ஜிபிஎல்லைவிடத் தளர்ந்த, லைப்ரரியை மாற்றிக்கொள்ள வழி கேட்கும் உரிமம்). ஃபோர்ட்ரான் நிரலை பிசியில் ஸ்டேட்டிக்காக, அதாவது லைப்ரரியை நிரலுக்குள்ளேயே சேர்த்து, லிங்க் செய்கிறவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

விதிவிலக்கு சொல்வது சுருக்கமாக இதுதான்: ரன்டைம் லைப்ரரியும் உங்கள் சொந்த மாட்யூல்களும் சேர்ந்த இயந்திரக் கோடை, உங்களுக்குப் பிடித்த உரிமத்தில் கொடுக்கலாம். நிபந்தனை ஒன்று. அந்த இயந்திரக் கோட் முழுதும் "தகுதியுள்ள கம்பைல் முறை"யில் உருவாகியிருக்க வேண்டும். ஜிசிசியை மட்டும் வைத்தோ, ஜிபிஎல்லோடு ஒத்துப்போகும் மென்பொருள்களோடு சேர்த்தோ கம்பைல் செய்தால் தகுதி உண்டு. ஜிசிசியின் சாயலே இல்லாத வேறு கம்பைலரில் செய்தாலும் உண்டு. ஆகவே சென்சார் விற்பவர் வேறொரு வணிகக் கம்பைலரில் கட்டிக் கொடுத்த ஆர்க்கைவை ஜிசிசி கோடோடு சேர்த்து லிங்க் செய்வதில் தடை இல்லை. தகுதி போவது இப்படி: ஜிசிசியின் இடைநிலை வடிவத்தை வெளியே எடுத்து, ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாத ஆப்டிமைசர் ஒன்றுக்குக் கொடுத்து, திரும்ப வாங்குவது. சின்னப் பட்டறையில் இப்படி யாரும் செய்வதில்லை. ஆனால் "கோடை யாரும் படிக்க முடியாமல் ஆக்கித் தருகிறோம்" என்று விற்கும் கருவிகளை வாங்குவதற்கு முன், அது எந்தக் கட்டத்தில் வேலை செய்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சி சோர்ஸின் மேல் வேலை செய்தால் கவலை இல்லை. கோட் ஜெனரேட்டர், பிரீபிராசசர் போன்றவற்றைக் கம்பைல் முறையின் பகுதியாகக் கருத வேண்டியதில்லை என்று விதிவிலக்கே சொல்லிவிடுகிறது. ஜிசிசிக்குள் பிளகின்னாகப் போய் உட்கார்ந்தால் நிலைமை வேறு.

இன்னொரு பொறி இதைவிட எளிதாக மாட்டிவிடும். லிப்ஜிசிசியின் வகுத்தல் வழக்கம் மெதுவாக இருக்கிறது என்று, அதன் சோர்ஸிலிருந்து ஒரு ஃபங்ஷனை நகலெடுத்து நம் கோப்பில் ஒட்டி, பெயரை மாற்றிப் பயன்படுத்துவது. லிங்க் செய்தவரை நம் கோப்பு "சுயேச்சையான மாட்யூல்". ஒட்டிய பிறகு அந்தக் கோப்பு லைப்ரரியின் மேல் எழுந்த படைப்பு. தலைப்புக் குறிப்பையும் கழற்றியிருந்தால் விலக்கு கோர ஆதாரமே இல்லை, ஜிபிஎல் 3 முழுதாக வந்து நிற்கும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் லைப்ரரியின் கோப்பை அதன் குறிப்போடு தனிக் கோப்பாகவே வைத்து அங்கே மாற்றுங்கள்.

இன்னமும் ஏவிஆர் சிப்களுக்கான பழைய வின்ஏவிஆர் 2010 தொகுப்பில் கம்பைல் செய்கிறவர்களுக்கு: அதில் உள்ளது ஜிசிசி 4.3.3. அங்கே 3.1 விதிவிலக்கு கிடையாது, அதற்கு முந்தைய வாசகம், ஜிபிஎல் 2 காலத்து லிங்க் அனுமதி. தகுதியுள்ள கம்பைல் முறை என்ற நிபந்தனை அதில் இல்லை. அறிவிப்பில் எழுதும்போது இரண்டையும் குழப்பக் கூடாது.

உண்மையான வேலை நியூலிப்பில்

ஜிபிஎல் என்ற பெயருக்குப் பயந்து எல்லோரும் லிப்ஜிசிசியையே பார்க்கிறார்கள். அது விலக்கின்படி நம்மிடம் ஓர் அறிவிப்பு வரிகூடக் கேட்பதில்லை. கேட்பது நியூலிப். அது பிஎஸ்டி வகையை (குறிப்பைக் காத்தால் போதும் என்ற தளர்ந்த வகை) சேர்ந்த பல உரிமங்களின் தொகுப்பு, கோப்புக்குக் கோப்பு வாசகம் மாறும். "பிஎஸ்டிதானே, ஃப்ரீ" என்று விடுவதுதான் இந்த ஊர்ப் பெட்டிகளில் அதிகம் நடக்கும் மீறல் என்பது எங்கள் கணிப்பு. பைனரியாகக் கொடுத்தாலும் பதிப்புரிமைக் குறிப்பை ஆவணத்தில் தர வேண்டும் என்பது அந்த உரிமங்களின் நேரடி நிபந்தனை.

மேப்பில் வந்த ஒவ்வோர் உறுப்புக்கும் சோர்ஸ் கோப்பைத் திறந்து பார்த்ததில் தெரிந்தவை: பிரின்ட்எஃப் குடும்பத்தின் அடிப்படை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் 1990ஆம் ஆண்டுக் கோட். மென்பொருள் பெர்க்லியில் உருவானது என்று ஆவணத்தில் சொல்லச் சொல்கிறது. நேனோ பதிப்பின் மாலோக் ஆர்ம் நிறுவனத்தின் பிஎஸ்டி. கணித ஃபங்ஷன்கள் சில சன் மைக்ரோசிஸ்டம்ஸ் காலத்தவை, குறிப்பை அப்படியே காக்கச் சொல்பவை. தசம எண்ணை எழுத்தாக மாற்றும் டிடோஏ, அதற்குத் துணையான எம்பிரெக் இரண்டும் டேவிட் கே எழுதி 1991இல் ஏடி&டி நிறுவனத்தின் பெயரில் வந்தவை. இவற்றின் வாசகம் மற்றவற்றைவிட இறுக்கம்: முழுக் குறிப்பும் மென்பொருளின் எல்லாப் பிரதிகளிலும், அதற்கான துணை ஆவணங்களின் எல்லாப் பிரதிகளிலும் இருக்க வேண்டும் என்கிறது.

இந்தக் கடைசி இரண்டையும் பலகையிலிருந்தே வெளியேற்றிவிடலாம். எல்சிடியில் 38.4 டிகிரி என்று காட்டத்தானே பிரின்ட்எஃபில் தசமம் வேண்டியிருக்கிறது? வெப்பநிலையைப் பத்தால் பெருக்கி 384 என்று முழு எண்ணாக வைத்து, காட்டும்போது பத்தால் வகுத்த ஈவையும் மீதியையும் நடுவில் புள்ளி வைத்து எழுதினால் போதும். பிறகு நேனோ பிரின்ட்எஃபுக்குத் தசம ஆதரவைக் கட்டாயமாக இழுக்கும் லிங்கர் ஆப்ஷனை எடுத்துவிடுங்கள். ஐடிஇயில் (நிரல் எழுதிக் கம்பைல் செய்யும் மென்பொருள்) அது ஒரு டிக் பெட்டியாக இருக்கும்.

இங்கே ஒரு பிழை மறைந்திருக்கிறது. மதிப்பு -5 என்றால், அதாவது -0.5 டிகிரி, பத்தால் வகுத்த ஈவு 0, மீதி -5. அப்படியே எழுதினால் 0.-5 என்று வரும், மீதியின் குறியை நீக்கி எழுதினால் கழித்தல் குறி காணாமல் போய் 0.5 என்று காட்டும். வேலூர் வெயிலில் பூச்சியத்துக்குக் கீழே எங்கே போகும் என்று விடக் கூடாது. பிடி100 சென்சாரின் இரண்டு கம்பியும் ஒட்டிக்கொண்டால் அளவீடு எதிர்மறையாகத்தான் வரும், அந்தக் கோளாறைக் காட்டவே குறி வேண்டும். குறியைத் தனியாக எடுத்து முதலில் எழுதிவிட்டு, எண்ணை நேர்மறையாக்கி வகுங்கள்.

மாற்றிவிட்டு மறுபடி கம்பைல் செய்தபோது டிடோஏ போய்விட்டது, எம்பிரெக் போகவில்லை. கிராஸ் ரெஃபரன்ஸில் பின்னோக்கிப் போனால்: எம்பிரெக்கை ஸ்டிரிங்-டூ-டபிள் கூப்பிடுகிறது, அதை ஏடோஎஃப் கூப்பிடுகிறது, அதைக் கூப்பிடுவது சீரியல் போர்ட்டில் செட்பாயின்ட் வாங்கும் நம் கோப்பு. அங்கும் எண்ணைப் புள்ளிக்கு முன், பின் என்று இரண்டு முழு எண்ணாக வாசிக்கும் பத்து வரி எழுதியதும் இரண்டும் ஒழிந்தன. ஃபிளாஷில் இடமும் மிஞ்சியது.

லிங்கர் ஸ்கிரிப்டையும் திறந்து பாருங்கள்

ஹெச்ஏஎல் மூன்று நிபந்தனை பிஎஸ்டி. கார்டெக்ஸ் கோருக்கு ஆர்ம் தரும் சிஎம்எஸ்ஐஎஸ் ஹெட்டர்கள் அப்பாச்சி 2.0 உரிமம். இரண்டுக்கும் குறிப்பும் உரிம நகலும் கொடுத்தால் தீர்ந்தது. ஃப்ரீஆர்டாஸ் என்ற சிறு இயங்குதளத்தைச் சேர்ப்பவர்கள் 10ஆம் பதிப்போ அதற்குப் பிந்தையதோ எடுத்தால் எம்ஐடி (அறிவிப்பு மட்டும் கேட்கும் உரிமம்). அதற்கு முந்தையவை விதிவிலக்கோடு கூடிய ஜிபிஎல், அந்த வாசகத்தைத் தனியாகப் படிக்க வேண்டும்.

எதிர்பாராத சிக்கல் லிங்கர் ஸ்கிரிப்டில், அதாவது எந்தப் பகுதி மெமரியில் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லும் கோப்பில், இருந்தது. பழைய புராஜெக்டிலிருந்து கைமாறி வந்த அந்தக் கோப்பின் தலைப்பில், இந்தக் கோப்பைக் குறிப்பிட்ட ஒரு வணிக ஐடிஇயோடு மட்டுமே பயன்படுத்தலாம், வேறு கருவியோடு அனுமதி இல்லை என்று எழுதியிருக்கிறது. ஐடிஇ மாறிப் பல வருடம் ஆகியும் கோப்பு மட்டும் நகலாகி நகலாகி ஓடிக்கொண்டிருந்தது. மேப்பில் இது தெரியாது, ஏனென்றால் ஸ்கிரிப்ட் பைட்டாகப் போவதில்லை. தீர்வு சுலபம்: ஃபிளாஷ் தொடக்கம், ரேம் தொடக்கம், அளவுகள், ஸ்டாக், ஹீப் என்று முப்பது நாற்பது வரியில் சொந்தமாக எழுதிக்கொள்ளலாம். ஸ்டார்ட்அப் அசெம்பிளி கோப்பின் தலைப்பையும் இதே கண்ணோடு பாருங்கள். சில சிப் நிறுவனங்களின் மிடில்வேரில் "எங்கள் சிப்பில் மட்டும்" என்ற நிபந்தனை இருக்கும். சிப் தட்டுப்பாடு வந்து ஒத்த வகை மாற்றுச் சிப்பைப் போடும் நாளில் அது பெரிய தடையாகிவிடும்.

பழைய ஆர்டுயினோ பெட்டி

இந்தப் பெட்டியின் சிப்புக்கான சி லைப்ரரி, ஏவிஆர்-லிப்சி, மூன்று நிபந்தனை பிஎஸ்டி, லிப்ஜிசிசிக்கு விலக்கு உண்டு. இரண்டும் சரி. சிக்கல் ஆர்டுயினோ கோர். டிஜிட்டல்ரைட், மில்லிஸ், சீரியல் எல்லாம் வருவது அங்கிருந்துதான், அது எல்ஜிபிஎல் 2.1. மைக்ரோகன்ட்ரோலரில் எல்லாமே ஸ்டேட்டிக் லிங்க் என்பதால் எல்ஜிபிஎல்லின் 6ஆம் பிரிவு நேராகப் பொருந்தும். நம் ஸ்கெட்சின் (ஆர்டுயினோவில் நாம் எழுதும் நிரல்) சோர்ஸைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வாங்கியவர் கோரை மாற்றி மறுபடி லிங்க் செய்துகொள்ளும்படி நம் ஆப்ஜெக்ட் கோப்புகளைக் கொடுக்க வேண்டும். கோரின் சோர்ஸ், எல்ஜிபிஎல் நகல், இந்த லைப்ரரி பயன்பட்டிருக்கிறது என்ற அறிவிப்பு ஆகியவையும் சேர வேண்டும்.

இந்த மறு-லிங்க் தொகுப்பைத் தயாரிப்பதில்தான் பலரும் தடுமாறுவார்கள். ஆர்டுயினோவின் ஏவிஆர் அமைப்பில் எல்டிஓ இயல்பாகவே இயங்குகிறது, அதுவும் மெலிந்த வடிவில். பில்ட் ஃபோல்டரில் இருக்கும் ஆப்ஜெக்ட் கோப்புக்குள் இயந்திரக் கோடே கிடையாது, ஜிசிசியின் இடைநிலை வடிவம் மட்டும்தான். அதை அப்படியே கொடுத்தால் மூன்று தொல்லை. வேறு பதிப்பு ஏவிஆர்-ஜிசிசி வைத்திருப்பவரிடம் எல்டிஓ பதிப்பு பொருந்தவில்லை என்ற பிழையோடு லிங்க் நின்றுவிடும். இடைநிலை வடிவத்தில் நம் நிரலின் அமைப்பு இயந்திரக் கோடைவிடத் தெளிவாகத் தெரியும், சோர்ஸை மறைக்க நினைத்தவர் பாதி சோர்ஸைக் கொடுத்தது போல ஆகும். மூன்றாவது, ரன்டைம் லைப்ரரி விதிவிலக்கின் வரையறையில் இடைநிலை வடிவம் "இலக்குக் கோட்" ஆகாது.

ஆகவே போர்டு அமைப்புக் கோப்பில் எல்டிஓ ஆப்ஷன்களை நீக்கிவிட்டு மறுபடி கட்ட வேண்டும். அப்போது அளவு கூடும். ஏடிமெகா328பியின் 32 கேபியில் பூட்லோடர் போக மிச்சத்தில் அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு விரிவான கம்பைல் வெளியீட்டை இயக்கி, கடைசி லிங்க் கட்டளையை எடுத்து, முழுப் பாதைகளை நீக்கி, ஒரு சின்ன ஸ்கிரிப்டாக வைக்க வேண்டும். கோர் ஆர்க்கைவ் தற்காலிக கேஷ் ஃபோல்டரில் இருக்கும், ஸ்கெட்ச் ஃபோல்டரில் தேடினால் கிடைக்காமல் போகலாம். தொகுப்பு தயாரானதும் வேறொரு கம்ப்யூட்டரில், வேறொரு ஃபோல்டரில் வைத்து உண்மையில் லிங்க் செய்து, வந்த ஹெக்ஸ் கோப்பைச் சிப்பில் ஏற்றி டிரம் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாத தொகுப்பு வெறும் கோப்புக் குவியல்.

லாக் பிட் போட்டு விற்கிறோமே, வாங்கியவர் எப்படி ஏற்றுவார் என்று கேட்கலாம். ஏவிஆரில் லாக் பிட் படிப்பதைத் தடுக்கும். சிப்பை முழுக்க அழித்துப் புதிதாக ஏற்றுவதைத் தடுக்காது. ஆனால் அழிக்கும்போது ஈப்ராமில் (கரன்ட் போனாலும் அழியாத மெமரி) உள்ள சென்சார் திருத்த மதிப்புகளும் ஓட்ட நேரக் கணக்கும் போய்விடும். சிப்பின் அமைப்புப் பைட்டுகளில் ஒன்றான ஹை ஃபியூஸ் பைட்டின் 3ஆம் பிட்டை 0 ஆக்கினால் அழிப்பின்போதும் ஈப்ராம் காப்பாற்றப்படும். விற்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

இனி விற்கும் பெட்டிகளுக்கு எங்கள் பரிந்துரை: கோரை விட்டுவிட்டு ஏவிஆர்-லிப்சியின் மேல் நேரடியாக எழுதுவது. டைமர் பெட்டி கோரிடம் கேட்பது போர்ட் எழுதுவது, மில்லிசெகண்ட் எண்ணுவது, சீரியல் ஆகிய மூன்றைத்தான். இருநூறு முந்நூறு வரியில் முடியும் வேலைக்காக ஒவ்வொரு பதிப்புக்கும் மறு-லிங்க் தொகுப்பு கட்டிக்கொண்டிருப்பது வீண்.

லினக்ஸ் கேட்வே

பெட்டிகளிலிருந்து ஆர்எஸ்-485 வழியாக மாட்பஸ் என்ற தகவல் பரிமாற்ற முறையில் படித்து, நெட்டில் அனுப்பும் சி நிரல். "எந்தப் பலகையில் போட்டாலும் ஓடட்டும்" என்று ஸ்டேட்டிக்காக லிங்க் செய்யப்பட்டிருந்தது. உள்ளே லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சி, எல்ஜிபிஎல் 2.1. ஆர்டுயினோ கோருக்குச் சொன்ன அதே 6ஆம் பிரிவு இங்கும் வரும். நிரலைத் தொடங்கி வைக்கும் சிஆர்டி கோப்புகளுக்கு ஜிலிப்சி தனி லிங்க் அனுமதி தந்திருக்கிறது. மற்ற பகுதிகளுக்கு இல்லை. தொழில்நுட்பத்திலும் இந்த ஸ்டேட்டிக் லிங்க் சரியில்லை. பெயரை ஐபியாக மாற்றும் கெட்அட்ரின்ஃபோ ஃபங்ஷன், ஸ்டேட்டிக்காக லிங்க் செய்தாலும் ஓடும்போது அதே பதிப்பு ஜிலிப்சியின் ஷேர்டு லைப்ரரியைத் தேடும் என்று லிங்கரே எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை.

மஸில் என்ற மாற்றுச் சி லைப்ரரிக்கு மாறலாமே என்று தோன்றும். அது எம்ஐடி, ஸ்டேட்டிக்காகச் சேர்த்தாலும் அறிவிப்பு ஒன்றே போதும். ஆனால் மாறும் முன் இரண்டு விஷயம். திரெட் ஸ்டாக்கின் இயல்பு அளவு மஸிலில் 128 கேபி, ஜிலிப்சியில் வழக்கமாக 8 எம்பி. திரெட் ஃபங்ஷனுக்குள் பெரிய பஃபர் அறிவித்திருந்தால் மஸிலில் விழுந்துவிடும், திரெட் உருவாக்கும்போதே அளவைக் குறிப்பிட வேண்டும். மற்றொன்று, சி லைப்ரரியை மாற்றிவிட்டோம் என்ற நிம்மதியில், மாட்பஸ் வேலையைச் செய்யும் லைப்ரரியான லிப்மாட்பஸை மறந்துவிடுவது. அதுவும் எல்ஜிபிஎல் 2.1தான். அதையும் சேர்த்து ஸ்டேட்டிக் ஆக்கினால் விட்ட இடத்துக்கே வந்து நிற்போம்.

கடைசியில் தேர்ந்தது டைனமிக் லிங்க். ஜிலிப்சி, லிப்மாட்பஸ் இரண்டும் தனி ஷேர்டு கோப்புகள், வாங்கியவர் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், நம் ஆப்ஜெக்ட் கோப்பு கொடுக்க வேண்டாம். ஆனால் அந்த ஷேர்டு கோப்புகளைக் கேட்வேயோடு நாம்தான் அனுப்புகிறோம், ஆகவே அவற்றின் சோர்ஸ் நம் பொறுப்பு. சி பிளஸ் பிளஸ் நிரலானால் அதற்கான ஜிசிசி லைப்ரரி லிப்ஸ்டிடிசி பிளஸ் பிளஸ் ஷேர்டு கோப்பும் இந்தக் கணக்கில் வரும். நம் நிரலோடு ஸ்டேட்டிக்காகச் சேரும்போது விதிவிலக்கு தெளிவாகப் பொருந்துகிறது. தனிக் கோப்பாக அனுப்பும்போது அதன் சோர்ஸையும் சேர்த்துவிடுவதே பாதுகாப்பு.

முழு லினக்ஸ் அமைப்பையும் கட்டித் தரும் பில்ட்ரூட் கருவியில் கட்டுகிறவர்களுக்கு லீகல்-இன்ஃபோ என்ற இலக்கு ஒன்று உண்டு. ஒரே கட்டளையில் ஒவ்வொரு பேக்கேஜின் பெயர், பதிப்பு, உரிமம் உள்ள பட்டியலும் உரிம நகல்களும் சோர்ஸும் ஒரு ஃபோல்டரில் வந்துவிடும். அதோடு வரும் ரீட்மீயில் எச்சரிக்கைகள் இருக்கும், அவற்றைப் படிக்காமல் ஃபோல்டரை அனுப்பாதீர்கள். முன்பே கட்டிய வெளி டூல்செயின் (கம்பைலரும் லைப்ரரிகளும் சேர்ந்த தொகுப்பு) பயன்படுத்தியிருந்தால் அதில் உள்ள ஜிலிப்சியின் சோர்ஸ் வந்திருக்கிறதா என்று கையால் பார்க்க வேண்டும். லினக்ஸ் கெர்னல், அடிப்படைக் கட்டளைகளைத் தரும் பிஸிபாக்ஸ் இரண்டும் ஜிபிஎல் 2. சோர்ஸைக் கேட்டால் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் அந்த வாக்கு குறைந்தது 3 வருடம் செல்ல வேண்டும், யார் கேட்டாலும் தர வேண்டும். ஆள் மாறும், கம்ப்யூட்டர் மாறும் சின்னப் பட்டறைக்கு அது பாரம். 8 ஜிபி பென்டிரைவில் எல்லாச் சோர்ஸையும் போட்டுப் பொருளோடு கையில் கொடுத்துவிட்டால் அந்தக் கடமை அன்றே முடிகிறது.

கொட்டேஷனின் பின்பக்கத்தையும் பாருங்கள். "மென்பொருளைப் பிரித்து ஆராயக் கூடாது" என்ற வரி எங்கிருந்தோ நகலெடுத்து அச்சடித்திருக்கும். எல்ஜிபிஎல் 2.1இன் 6ஆம் பிரிவு, வாங்கியவர் தன் உபயோகத்துக்கு மாற்றவும், மாற்றத்தில் வரும் பிழையைக் கண்டுபிடிக்கப் பிரித்து ஆராயவும் நம் நிபந்தனைகள் இடம் தர வேண்டும் என்கிறது. அந்த ஒரு வரி இருந்தால் மற்றதெல்லாம் சரியாகச் செய்தும் உரிமத்தை மீறியதாகிவிடும்.

கிளாங்கில் கட்டினால்

கிளாங் என்பது எல்எல்விஎம் திட்டத்தின் கம்பைலர். அதில் லிப்ஜிசிசியின் இடத்தில் கம்பைலர்-ஆர்டி என்ற ரன்டைம் லைப்ரரி வரலாம். 2019 ஜனவரி 19க்குப் பிறகு சேர்ந்த கோட் எல்எல்விஎம் விதிவிலக்கோடு கூடிய அப்பாச்சி 2.0. கம்பைல் செய்ததால் பைனரிக்குள் வந்து சேர்ந்த பகுதிக்கு உரிம நகல், மாற்றக் குறிப்பு, நோட்டீஸ் கோப்பு எதுவும் வேண்டாம் என்று விலக்கு. அதற்கு முந்தைய பதிப்புகளில் எம்ஐடி அல்லது இலினாய் பல்கலைக்கழக உரிமம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஒன்றை மறக்கக் கூடாது: பல லினக்ஸ் அமைப்புகளில் கிளாங்கே இயல்பாக லிப்ஜிசிசியைத்தான் லிங்க் செய்யும். கம்பைலர் பெயரை வைத்து அறிவிப்பு எழுதாமல் மேப்பைப் பார்த்து எழுதுங்கள்.

அறிவிப்புத் தாள்

பலகைக்கு ஏ4 தாள் ஒன்று, இருபக்கம். பொருளின் பெயர், ஃபர்ம்வேர் பதிப்பு, சீரியல் எண் வரம்பு. பிறகு ஒவ்வொரு லைப்ரரியின் பெயரும் பதிப்பும், பதிப்புரிமை வரி, உரிமத்தின் முழு வாசகம் ஆங்கிலத்தில் உள்ளபடியே. உரிம வாசகத்தை மொழிபெயர்த்து மூலத்தை விட்டுவிடக் கூடாது. தமிழ் விளக்கம் வேண்டுமானால் கீழே சேர்க்கலாம். லிப்ஜிசிசிக்கு வரி தேவையில்லை என்றாலும், கேட்டவர் திரும்பக் கேட்காமலிருக்க "ஜிபிஎல் 3, ரன்டைம் லைப்ரரி விதிவிலக்கு 3.1" என்று ஒரு வரி போட்டோம்.

தாளைப் பேனல் கதவின் உட்புறம் வெறுமனே ஒட்டினால் நிற்காது. சுண்ணாம்பு டிரம் இருக்கும் இடத்தில் ஈரமும், சோடியம் சல்பைடிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டு. ரிலே காண்டாக்டையே கறுக்க வைக்கிற காற்று அது. லேமினேட் செய்து தொங்கவிட்டு, அதே வாசகத்தைப் பயனர் கையேட்டின் கடைசிப் பக்கங்களிலும் சேர்க்க வேண்டும். ஆவணம் என்று உரிமம் சொல்வது கையேட்டைத்தான்.

அடுத்த பதிப்பில் யாராவது ஒரு வரி சேர்த்தால் இந்தத் தாள் பொய்யாகிவிடும். அதற்காக பில்டின் கடைசியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்: மேப்பிலிருந்து பூச்சியத்துக்கு மேற்பட்ட அளவுள்ள ஆர்க்கைவ் உறுப்புகளை எடுத்து, அகரவரிசைப்படுத்தி, ஏற்கெனவே சோதித்து வைத்த பட்டியலோடு ஒப்பிடும். புதிய பெயர் ஒன்று வந்தால் பில்ட் நிற்கும். ஷிஃப்ட் நேரத்தை எல்சிடியில் காட்ட லோக்கல்டைம் ஃபங்ஷனைச் சேர்த்த அன்று அது முதன்முறை நின்றது. நேர மண்டலக் கணக்குக்கான உறுப்புகள் நியூலிப்பிலிருந்து கூட்டமாக உள்ளே வந்திருந்தன. இந்திய நேரம் ஒன்றே போதும் இந்தப் பெட்டிக்கு. 19,800 வினாடியைக் கூட்டி மணி, நிமிடம் பிரித்ததும் அவை வெளியே போயின, தாளை மாற்ற வேண்டியிருக்கவில்லை.